கௌரி பட்டியில் கவிழ்ந்த எருவண்டி

கௌரியை மிருகம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். மிருகமாம்! எங்கள் பண்ணையில் கணக்கெழுதும் ரைட்டர் கோவிந்தப்பனுக்குக் கீழே வருஷக்கணக்கில் கூலி வேலை பார்த்தவள் நான். மிருகம் எது, மனுஷன் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் பாதையில் இருந்தது பண்ணை. பெங்களூரில் நூல் மில் வைத்திருந்த பெரிய எசமான், வெள்ளைக்காரன் போன கையோடு அங்கே நிலம் வாங்கி, மான், கரடி, மயில் என்று ஒரு தோட்டமே வளர்த்தார். கிருஷ்ணகிரி மைதானத்தில் ஒரு சர்க்கஸ் கொட்டகை போட்டிருந்தது. சித்திரை மாசத்துச் சூறைக்காற்றில் கூடாரம் கிழிந்து, சர்க்கஸ்காரர்கள் ஆளுக்கொரு திக்காய்ப் போய்விட்டார்கள். அவர்களிடமிருந்த பெண் காண்டாமிருகக் குட்டியை எசமான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

ஐயோ, அது வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! கழுத்தில் சங்கிலி அறுத்த புண், புண்ணுக்குள் புழு. பக்கத்தில் போனவனை எல்லாம் முட்டித் தள்ளியது. நான் அப்போது மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள். அது கத்துகிற கத்தலைத் தாங்க முடியாமல், மத்தியானத்துக்கு என்று நான் வைத்திருந்த ராகிக் களி உருண்டையை எடுத்துப் போய் நீட்டினேன். தின்றது. தின்றுகொண்டிருக்கும்போதே வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் புண்ணில் அப்பினேன். முட்டவில்லை. மறுநாள் களிக்குள் வெல்லம் வைத்து உருட்டிக்கொண்டு போனேன். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. கௌரி என்று பேர் வைத்ததும் நான்தான்.

வளர்ந்து, மூன்று வண்டிமாடு சேர்த்த உடம்பு வந்த பிறகும் அவளுக்கு நான் வேண்டும். "கௌரீ, வாம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சேற்றுக் குட்டையிலிருந்து எழுந்து ஓட்டமாய் ஓடி வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்பாள். வேறு யார் கூப்பிட்டாலும் காதைக்கூட ஆட்டமாட்டாள். எனக்கு அதில் தலைகொள்ளாத கர்வம். இருக்கட்டுமே, அதற்கென்ன? என் வீட்டுக்காரர் பர்கூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனவர், மாசத்துக்கு ஒரு தரம் தலையைக் காட்டுவார். ஒரே மகள் சாந்தம்மாவை மத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் பேச ஆள் ஏது? கௌரியிடம்தான் எல்லாம் சொல்வேன். அவளும் எதிர்த்துப் பேசாமல் கேட்பாள். அப்படி ஒரு ஆள் கிடைப்பது லேசா?

பெரிய எசமான் கண்ணை மூடினார். பெங்களூரில் மில்லைப் பார்த்துக்கொண்ட சின்ன எசமானுக்குத் தோட்டத்தில் அவ்வளவு பிடிப்பில்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார், டாக்டர் நாராயணப்பனை வேலைக்கு வைத்தார். டாக்டரய்யாவும் மத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான். மெட்ராசில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டு வந்திருந்தார். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும், மீசைகூட அடர்த்தியாய் வரவில்லை.

அவருக்கு ஒரே ஆசை. "கட்டி வெச்ச காண்டாமிருகம் குட்டி போட்டதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா, வெள்ளையம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் ஓசூர் சந்தையத் தாண்டி என்னாத்தக் கேட்டேன், சாமி?"

"நானும் கேட்டதில்ல. காட்டுல இதுங்க கொறைஞ்சிக்கினே வருது. பட்டியில வெச்சுப் பெருக்க நாம கத்துக்கினாதான் மிஞ்சும். இல்லன்னா உன் பேரப்புள்ளைங்க படத்துலதான் பாக்கணும்."

இப்படிப் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எசமானிடம் நடையாய் நடந்து, அசாமிலிருந்து ஒரு ஆண் காண்டாமிருகத்தை வரவழைத்துவிட்டார். ரயிலில் பெங்களூர் வரைக்கும் வந்து, லாரியில் இங்கே இறங்கியது. பலகையில் ராஜா என்று எழுதி மாட்டினார்கள். யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? பெண் பார்க்க வந்தவன் இல்லையா, எங்கள் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கங்கப்பனைப் போட்டார்கள். நல்ல பையன்தான், என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மாட்டு விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க முடியாது. பொலிகாளையைப் பசு கண்ணில் படாமல் தனியாகத்தான் கட்டுவோம். பசு பருவத்துக்கு வந்ததும் கொண்டுபோய் விடுவோம். தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் காளைக்கு ஆசை விட்டுப்போகும் என்பது எங்கள் கணக்கு. டாக்டரய்யா வீட்டிலும் அதுதான் வழக்கம். அதனால் மாப்பிள்ளைக்கு மேற்கே ஒரு பட்டி, கௌரிக்குக் கிழக்கே ஒரு பட்டி, நடுவில் கற்பலகைகளை நெருக்கி நட்டு ஆள் உயரத்துக்குச் சுவர், சுவரில் ஒரு கதவு. இரண்டு பட்டியையும் விடிந்ததும் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும் என்று டாக்டரய்யா உத்தரவு.

எனக்கு உத்தரவு வேறு வேண்டுமா? கௌரி கண்ட இடத்தில் போடமாட்டாள். ஒரே மூலையில்தான் சாணி போடுவாள். எத்தனை ஒழுக்கம் பாருங்கள். அந்த மூலையை நான் தேய்த்துக் கழுவினால் அதில் உட்கார்ந்து சோறு தின்னலாம். சாணியை அப்படியே விட்டால் அது பட்டியா? எரு வீணாகலாமா? மாப்பிள்ளையும் ஒரு மூலையைப் பிடித்து வைத்திருந்தான். கங்கப்பன் அதை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு என் பக்கம் வருவான், நான் கௌரியுடையதை அதன்மேல் போடுவேன், வண்டி எருக்குழிக்குப் போகும்.

கௌரி பருவத்துக்கு வந்தால் எனக்குத் தெரியும். சரியாய்த் தின்னாமல் சுற்றிச் சுற்றி வருவாள், மூக்கால் சீட்டியடிப்பாள். முதல் தடவை அப்படி அடித்த அன்று நடுக்கதவைத் திறந்து மாப்பிள்ளையை உள்ளே விட்டார்கள்.

அதைக் கல்யாணம் என்று எவன் சொல்லுவான்? அவனைக் கண்டதும் கௌரி திருடனைக் கண்ட மாதிரி மிரண்டாள். அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தான். சுவர்ப் பலகை இரண்டு பெயர்ந்தது. நான் வெளிக்கதவோரம் நின்று, "கௌரீ, வாம்மா! இங்க வாம்மா!" என்று கத்தினேன். அவள் திரும்பி என்னை நோக்கி ஓடி வந்தாள். அவன் பின்னாலேயே வந்து தொடையைக் கடித்துக் கிழித்தான். தகரத்தைத் தட்டி, பந்தம் காட்டி, தண்ணீரைப் பீய்ச்சித்தான் பிரிக்க முடிந்தது. அந்தப் புண் ஆறுகிற வரைக்கும் நான் எண்ணெய்க் கிண்ணமும் கையுமாகவே திரிந்தேன்.

"மாடா இருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும், அக்கா" என்றான் கங்கப்பன்.

"வாய மூடுடா. உன் மாப்ளய நல்லாத்தான் வளத்து வெச்சிருக்கே!" என்றேன்.

இரண்டாம் தடவை அதைவிட மோசம். கௌரி முட்டியதில் மாப்பிள்ளைக்கு உதடு கிழிந்தது, அவன் முட்டியதில் கதவு பெயர்ந்து விழுந்தது. அப்போதும் நான் கூப்பிட்டேன், அவள் என்னிடம்தான் ஓடி வந்தாள். பிரித்துவிட்ட பிறகு டாக்டரய்யா வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் சின்ன எசமான் காரில் வந்து இறங்கினார். ஏதோ வெளிநாட்டு மிருகக்காட்சிசாலையில் கௌரியைக் கேட்கிறார்களாம், பதிலுக்கு வரிக்குதிரை தருகிறார்களாம். வரிக்குதிரை! கழுதைக்கு முதுகில் கோடு போட்டால் அது கௌரிக்கு ஈடாகுமா? டாக்டரய்யா கையைக் கூப்பாத குறையாகக் கேட்டார், "இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கறேன், சார். ஒத்து வரலன்னா அனுப்பிடலாம்." எசமானும் சரி என்றார். சரி என்று சொன்ன வாயால், அவளை ஏற்றி அனுப்பும் பெட்டிக்கும் ஆசாரியை ஏற்பாடு பண்ணிவிட்டுப் போனார்.

வேங்கை மரத்தில் பெட்டி தயாரானது. இரும்புப் பட்டை அடித்து, என் வீட்டைவிட உறுதியாய்ச் செய்தார் ஆசாரி. அதைக் கொண்டுவந்து பட்டிக்குப் பின்னால், ராகிக் கொல்லை ஓரத்தில் வைத்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வர வேண்டும். கௌரியை அதற்குள் தள்ளி, மெட்ராசில் கப்பலில் ஏற்றி, முகம் தெரியாத சீமையில் இறக்குவார்கள். அங்கே அவளுக்கு யார் களி கிண்டுவார்கள்? அவள் கத்தினால் யாருக்கு விளங்கும்?

அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான் ரைட்டர் வந்து வாயைக் கொடுத்தார். டாக்டரய்யா கப்பல் அனுமதி விஷயமாக மெட்ராஸ் போயிருந்தார். பெரிய எசமான் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு, பட்டி கூட்டுகிறவர்களுக்கு மாசம் ஒரு வண்டி எரு. என் ராகிக் காட்டுக்கு அதுதான் உரம். விடிந்ததும் கங்கப்பன் மாப்பிள்ளையின் சாணியை வண்டி நிறைய ஏற்றி, கௌரி பட்டிக்குள் கொண்டுவந்து நிறுத்தி, மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். ரைட்டர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்மே, இனிமே எருவு யாருக்கும் கெடையாது. அத்தனையும் நம்ம மாந்தோப்புக்குப் போவணும்."

"நம்ம மாந்தோப்பா? யாரு தோப்பு, ரைட்டரே?"

"யாரு தோப்பா இருந்தா உனக்கென்னா? அள்ளிப் போடுறதுதான் உன் வேல."

சுர்ரென்று ஏறிவிட்டது எனக்கு. "அப்படியா சங்கதி? பெரிய எசமான் குடுத்தத நிறுத்த நீ யாரு? எருவு உன் தோப்புக்குன்னா நீயே அள்ளிக்க!" என்று சொல்லி, மாடு பூட்டாமல் கிடந்த வண்டியின் நுகத்தடியைப் பிடித்து மேலே தூக்கினேன். வண்டி பின்பக்கமாய்ச் சாய்ந்தது. மாப்பிள்ளை போட்டது அத்தனையும் கௌரி பட்டிக்குள்ளேயே குவியலாய்க் கொட்டியது. ரைட்டர் வேட்டியில் தெறித்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

"டாக்டர் வரட்டும், உன்ன என்னா பண்றேன் பாரு!" என்று கத்திக்கொண்டே போனார்.

"போ, போ!"

அன்றிலிருந்து நான் துடைப்பத்தைத் தொடவில்லை. தீனி போடுவேன், தண்ணீர் காட்டுவேன், களி கொடுப்பேன். சாணி மட்டும் அள்ளமாட்டேன். கங்கப்பனையும் அள்ளவிடவில்லை. ரைட்டர் வேறு ஆள் தேடினார். காண்டாமிருகப் பட்டிக்குள் இறங்க எவன் வருவான்?

ஆனால் மனசுக்குள் எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. அந்தக் குவியலைக் கண்டதும் கௌரி உஸ்ஸென்று மூச்சுவிட்டுப் பின்னால் போனாள். தூரத்திலேயே சுற்றினாள். அன்றைக்குக் களியைக்கூடப் பாதிதான் தின்றாள். 'பாவி, நீ போட்ட சண்டைக்கு இந்த வாயில்லா ஜீவனை நாற அடிக்கிறாயே' என்று என்னையே திட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். வேலியோரம் ரைட்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்த துடைப்பத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். அவர் முன்னால் தோற்பதா?

சில நாள் போனது. ஒரு காலை நான் தீனி கொண்டுபோனபோது கௌரி அந்தக் குவியலுக்குள் மூக்கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரம் மோந்தாள். அப்புறம் திரும்பி, தன் வழக்கமான மூலைக்குப் போகாமல், அதன்மேலேயே சாணி போட்டு, பின்னங்காலால் கிளறிவிட்டாள்.

"சீ! உனக்குமாடி புத்தி கெட்டுப்போச்சு?" என்றேன். அவள் காதை ஆட்டிக்கொண்டு போய்க் குட்டையில் படுத்தாள். மறுநாளும் அங்கேயே போட்டாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

டாக்டரய்யா மெட்ராசிலிருந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே பட்டிக்கு வந்தார். ரைட்டர் வழியிலேயே வத்திவைத்திருந்தார் போலிருக்கிறது.

"வெள்ளையம்மா! என்ன இது? பட்டியா, குப்பைமேடா? உன்ன நம்பித்தான விட்டுட்டுப் போனேன்?"

"ரைட்டரக் கேளுங்க, சாமி. யாரு தோப்புக்கு எருவு போவுதுன்னு கேளுங்க. நாயமா நீங்களே சொல்லுங்க" என்று நானும் குரலை உயர்த்தினேன்.

இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போதே கௌரி எழுந்து குவியலுக்கு வந்தாள். மோந்தாள். மூக்கால் ஒரு சீட்டி. இன்னொன்று. டாக்டரய்யா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"இது யார் போட்டது?"

"அடியில கெடக்கறது மாப்ள போட்டது. மேல இவ போட்டுக்கினு இருக்கறா."

அவர் வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

"சாமி, என்னா பண்ணுது?"

"நாம மாட்டுப் புத்தியிலயே யோசிச்சிட்டோம், வெள்ளையம்மா" என்றார். "மாட்டுக்குத் தனியாக் கட்டி வெச்சுப் பருவத்துல விட்டாப் போதும். இதுங்களுக்குக் கண்ணு மங்கல், மூக்குதான் எல்லாம். ஒண்ணு போட்ட எடத்துல இன்னொண்ணு மோந்து பாத்துத்தான் யாரு, என்னான்னு தெரிஞ்சிக்குதுங்களோ என்னமோ. நாம தெனமும் அதக் கழுவி ஊத்திட்டோம். முன்னப்பின்ன தெரியாதவன் கதவத் தொறந்துக்கினு உள்ள வந்தா எந்தப் பொண்ணுதான் அலறாது?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் கூட்டுனது தப்பா?"

"கூட்டச் சொன்னவன் நான்தான? எங்க அம்மாவும் அப்படித்தான் கூட்டுவாங்க. இதுவும் சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. செஞ்சு பாக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, கூடையை எடுத்து, கௌரி போட்டதை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பட்டிக்கு நடந்தார். பாதி வழியில் ரைட்டர் ஓடி வந்தார்.

"அய்யய்யோ, டாக்டரே! நீங்க போயி இதெல்லாம்..."

"நீங்களும் ஒரு கூடை எடுங்களேன், ரைட்டரே. எருவு மேல உங்களுக்கு ரொம்ப ஆசைன்னு வெள்ளையம்மா சொல்றா."

ரைட்டர் போன வேகத்தைப் பார்த்து நானும் கங்கப்பனும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துவிட்டு நான் இன்னொரு கூடையை எடுத்தேன். அந்தப் பிள்ளை தலையில் சாணி ஒழுக நடக்கும்போது எனக்கென்ன வீம்பு வேண்டிக் கிடக்கிறது? அன்றிலிருந்து இவள் போட்டதில் கொஞ்சம் அங்கே, அவன் போட்டதில் கொஞ்சம் இங்கே. எங்கள் ஜன்மத்தில் யாரும் செய்யாத வேலை. வழியில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் தட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளையும் முதலில் உறுமினான், அப்புறம் மோந்தான், அப்புறம் சுவரோரமே வந்து படுத்துக்கொண்டான். அந்தப் பக்கச் சுவரோரம் கௌரி.

அந்தப் பருவத்தில் கதவைத் திறக்கவில்லை. அவளுக்கு மறுபடி பருவம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் டாக்டரய்யா என்னிடம் வந்தார். தயங்கித் தயங்கி நின்றார்.

"வெள்ளையம்மா, நாளைக்கு நீ பட்டிப் பக்கம் வரக் கூடாது."

"என்னது?"

"உன் கொரல் அவளுக்குக் கேக்கக் கூடாது. ரெண்டு தடவையும் அவ எங்க ஓடினா? உன்கிட்ட. நீ கூப்புட்டே, அவ முதுகக் காட்டிக்கினு ஓடினா, அவன் தொரத்திக் கடிச்சான். இதுங்க சேர்றதுக்கு முன்னாடி சண்டை போடும்போல. போடட்டும். நின்னு போடட்டும். நீ இருந்தா அவ நிக்கமாட்டா."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "என்னா பேச்சு பேசறீங்க, சாமி? புழு வெச்சுக் கெடந்தவளத் தூக்கி நிறுத்துனவ நானு. கடிபட்டப்ப எண்ண போட்டவ நானு. இப்ப நான் இருந்தா கெடுதலா? அவ கத்துனா நான் போவாம இருக்கணுமா? என் நெஞ்சு என்னா கல்லா?"

அவர் கொல்லை ஓரத்துப் பெட்டியைக் காட்டினார். "கௌரி இங்க இருக்கணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

நான் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் போகாமல் இருக்க முடியவில்லை. பட்டிக்குப் போகவில்லை, பெட்டி வரைக்கும் போனேன். அதன் மேலே ஏறி, பட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் திடுதிடுவென்று ஓட்டம். கல்லில் ஏதோ மோதியது. மாப்பிள்ளை உறுமினான்.

கௌரி கத்தினாள்.

எனக்கு அந்தக் கத்தல் தெரியும். லாரியிலிருந்து இறக்கிய அன்று கத்தினாளே, அதே கத்தல். என்னைத்தான் கூப்பிடுகிறாள். இறங்கி இரண்டடி வைத்துவிட்டேன். வாய் திறந்துவிட்டது. அப்போது என்னவோ சாந்தம்மா ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில், "அம்மா, வந்து கூட்டிக்கினு போ" என்று ஆள் மேல் ஆள் சொல்லியனுப்பினாள். போனால் அவள் அந்த வீட்டில் ஒட்டமாட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வீட்டார் நல்லவர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் இருந்தேன். இந்த மாப்பிள்ளை நல்லவனா? யார் கண்டது? உள்ளே அவன் அவளைக் கொன்றுபோட்டால்? நான் கூப்பிடாததால் அவள் செத்தால்?

இன்னொரு தரம் கத்தினாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். கண்ணீர் கொட்டியது. ஐயோ, என் தாயே, மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று மனசுக்குள் சொன்னேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

கத்தல் நின்றது. ஓட்டம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. அந்த அமைதிதான் என்னைப் பாதி கொன்றது.

டாக்டரய்யா ஓடி வந்தார். சட்டை முழுக்கச் சேறு. என் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, உசுரோட இருக்கறாளா? அத மொதல்ல சொல்லுங்க."

"கத்தினா, உன் கதவுப் பக்கம் ஓடினா. நீ இல்ல. திரும்பி நின்னு அவனை ஒரு முட்டு முட்டினா பாரு! அப்பறம் நின்னுட்டா." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. "சேந்துடுச்சுங்க, வெள்ளையம்மா. ரெண்டும் சேந்துடுச்சுங்க."

அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். டாக்டர், கூலிக்காரி என்கிற நினைப்பெல்லாம் இருவருக்கும் இல்லை.

அதற்கப்புறம் இரண்டையும் ஒரே பட்டியில் விட்டு, நடுக்கதவை எடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு அவள் சீட்டியடிக்க வேண்டிய சமயம் வந்து போனது. அடிக்கவில்லை. டாக்டரய்யா காத்திருந்து, அதற்கடுத்ததும் தாண்டிப் போனபிறகு, கௌரி சினையாகிவிட்டாள் என்று சொல்லப் பெங்களூருக்கு ஓடினார். சின்ன எசமான் கப்பலை நிறுத்தினார். வரிக்குதிரை வராமலே போனது, நல்லதாய்ப் போயிற்று. எருவும் பழையபடி எங்களுக்கு வந்தது. குவியலில் ஒரு பங்கை மட்டும் அப்படியே விட்டுவைத்துத்தான் அள்ளினோம். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை அரிக்கும் எனக்கு.

"கொஞ்ச நாளைக்கு அவகிட்ட போவாத" என்று சொல்லியிருந்த டாக்டரய்யா, ஒருநாள் காலையில் அவரே வந்து, "இனிமே போய்ப் பாரு" என்றார். வீட்டுக்கு ஓடினேன். களி கிண்டினேன், வெல்லத்தை வழக்கத்தைவிடக் கூடவே வைத்து உருட்டினேன். கதவோரம் நின்று, "கௌரீ, வாம்மா!" என்றேன்.

குட்டையில் மாப்பிள்ளையோடு படுத்திருந்தாள். தலையைத் தூக்கினாள். என் பக்கம் காதைத் திருப்பினாள். என் குரல் அவளுக்குத் தெரிந்தது, அதில் சந்தேகமே இல்லை.

"வாம்மா, அம்மா வந்திருக்கறேன் பாரு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைச் சேற்றில் வைத்து, அவன் பக்கமாய்ச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவள் போகக் கூடாது என்றுதானே அத்தனை பாடுபட்டேன். போகவில்லை, இதோ கண்ணெதிரே இருக்கிறாள். ஆனால் என்னிடம் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

பெட்டியைப் பிரிக்க அன்றைக்குத்தான் ஆசாரி வந்திருந்தார். அவர் ஆணி பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் களியை நானே தின்றேன்.